புள்ளி வைத்துப் படம் எடுப்போம்!

"போட்டோக் கலையா? அதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம். நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள்.

நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரியுமா உங்களுக்கு? மல்லிகையையும் கனகாம்பரத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பூத்தொடுக்கத் தெரியுமா? புடைவைக் கொசுவத்தை ஒரே அளவாக மடித்துச் செருகத் தெரியுமா? அப்படியானால் நல்ல போட்டோ எடுப்பதற்கான பாடத்தில் பாதியை ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். மீதிப் பாதியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

விலை உயர்ந்த காமிரா எதுவும் வேண்டாம். கையில் இருக்கும் செல்போனே தாராளம். அந்தக் காலத்தில் ஒரு பிலிம் ரோல் போட்டால் 36 படம்தான். "வீணாக்காதே, கல்யாணத்துக்கு வேணும்!" என்று வீட்டில் அதட்டுவார்கள். இப்போது அந்தக் கவலை இல்லை. நூறு எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒன்று எது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே!

டிசைன் வேறு, தாளம் வேறு

ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் அது டிசைன். வாசலில் வைத்த புள்ளிகள், கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தட்டில் வேகும் இட்லிகள்... இவை எல்லாம் டிசைன்கள்தான்.

தாளம் என்றால் பாட்டுக்குத்தானே, படத்துக்கு என்ன தாளம் என்று கேட்பீர்கள். ஆதி தாளம் போடும்போது கவனியுங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. அப்புறம் தட்டு, வீச்சு. மறுபடி தட்டு, வீச்சு. மொத்தம் 8 எண்ணிக்கை. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால்தான் தாளம் பிறக்கிறது. இடைவெளி இல்லாமல் தட்டிக்கொண்டே போனால் அது வெறும் கைதட்டல்! படத்திலும் அப்படித்தான். ஒரு பொருள், ஒரு இடைவெளி, மறுபடி பொருள், மறுபடி இடைவெளி என்று கண் ஒவ்வொன்றாகத் தாவிப் போகிறதே, அதுதான் படத்தின் தாளம்.

ராமேஸ்வரம் கோயிலின் வெளிப் பிராகாரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. கிட்டத்தில் பெரிசாக, போகப் போகச் சின்னதாக! கால் நகராமலே நம் கண் அந்தக் கோடி வரை போய் வந்துவிடுகிறது. ஒரு தூணை மட்டும் படம் எடுத்தால் அந்தச் சுகம் வருமா?

இந்த ஆசை கண்ணோடு பிறந்தது. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிறந்து சில நாட்களே ஆன சிசுக்கள்கூட வெறும் நிற அட்டையைவிட, டிசைன் போட்ட அட்டையை அதிக நேரம் பார்த்தன என்று காட்டினார். பிறந்த குழந்தைக்கு 8 முதல் 12 அங்குல தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் குழந்தை உங்கள் புடைவையின் கட்டங்களையே கண்கொட்டாமல் பார்ப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

வீட்டுக்குள்ளே நாலு வகை

தாளத்தில் எத்தனையோ வகை இருப்பதுபோல, படத்தின் தாளத்திலும் வகைகள் உண்டு. நம் வீட்டைச் சுற்றி வந்தாலே நாலு வகை அகப்படும்.

சமதாளம்: ஒரே பொருள், ஒரே அளவு, ஒரே இடைவெளி. மொட்டை மாடியில் வேஷ்டியின் மேல் பிழிந்து வைத்த வடகம், முறத்தில் பரப்பிய அப்பளம், அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் சம்படங்கள், ஜன்னல் கம்பிகள்.

மாற்றுத் தாளம்: இரண்டு பொருள்கள் மாறி மாறி வருவது. மல்லிகை-கனகாம்பரச் சரம், தாம்பாளத்தில் வெற்றிலைக்கு ஒரு பழம் என்று வைத்த வரிசை, குழந்தை அடுக்கிய சிவப்பும் நீலமுமான மரக்கட்டைகள்.

வளரும் தாளம்: சின்னதிலிருந்து பெரிசாகவோ, பெரிசிலிருந்து சின்னதாகவோ போவது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குப் பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மாடிப்படி, வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரியும் வளையங்கள், வாசலில் அப்பா செருப்பிலிருந்து பாப்பா செருப்பு வரை... எல்லாம் இதே ரகம்தான்.

ஓடும் தாளம்: கோடு வளைந்து நெளிந்து ஓடுவது. சிக்குக் கோலம், முறுக்கு, காற்றில் ஆடும் புடைவை, பின்னிய ஜடை. இதில் எண்ணிக்கை முக்கியமில்லை, ஓட்டம்தான் முக்கியம்.

இந்த நாலும் மனசில் பதிந்துவிட்டால், அப்புறம் சமையலறையில் நுழையும்போதெல்லாம் கண் தானாகவே தேட ஆரம்பித்துவிடும்.

எடுப்பது எப்படி?

1. முதலில் லென்ஸைத் துடையுங்கள். செல்போனின் லென்ஸில் எண்ணெய்க் கையும் மாவுக் கையும் பட்டு மங்கிப்போயிருக்கும். பழைய மெல்லிய பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்தாலே பாதிப் படம் பளிச்சென்று ஆகிவிடும். முந்தானையில் துடைக்க வேண்டாம். ஜரிகை கீறிவிடும்.

2. எங்கே நிற்பது என்று பாருங்கள். தட்டையாகப் பரப்பியதை (கோலம், வடகம், அப்பளம்) நேர் மேலிருந்து எடுங்கள். போன் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் வட்டம் முட்டையாகிவிடும்! வரிசையாக நிற்பதை (தூண், சம்படம், செருப்பு) பக்கவாட்டில், தாழ உட்கார்ந்து எடுங்கள். அப்போதுதான் கிட்டே இருப்பது பெரிசாகவும், தள்ளி இருப்பது சின்னதாகவும் தெரிந்து தாளம் பிறக்கும்.

3. போனிலேயே கட்டம் போட்டுக் கொள்ளுங்கள். காமிராப் பகுதியின் அமைப்புகளில் கட்டக்கோடு காட்டும் வசதி இருக்கும். குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடுகள் திரையில் தெரியும். படத்தில் அவை விழாது. இவைதான் நம் புள்ளிகள் என்று வைத்துக் கொள்ளுங்களேன்! ஜன்னல் கம்பியை அந்தக் கோட்டோடு பொருத்தினால் படம் கோணாது.

4. சட்டம் நிறைய எடுங்கள். 20 வடகத்தையும் அதைச் சுற்றியுள்ள தரையையும், ஓரத்தில் கிடக்கும் துடைப்பத்தையும் சேர்த்து எடுத்தால் அது வடகத்தின் படம். கிட்டே போய், நாலு ஓரத்திலும் வடகம் பாதி பாதியாக வெட்டுப்படும்படி எடுத்தால், அந்த வரிசை படத்துக்கு வெளியேயும் போய்க்கொண்டே இருப்பதாக மனசுக்குத் தோன்றும். கிட்டே போவது என்றால் காலால் நடந்து போவது. திரையில் விரலை வைத்து இழுத்துப் பெரிசாக்கினால் படம் பிசிறடிக்கும்.

5. வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் சாய்ந்து விழும். அப்போது ஒவ்வொரு அப்பளத்துக்கும் ஒரு நிழல், ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிழல் என்று டிசைன் இரட்டிப்பாகும். உச்சி வெயிலில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். பளிச்சென்று அடிக்கும் பிளாஷ் வேண்டவே வேண்டாம். அது எல்லா நிழலையும் தின்றுவிடும். கைக்குழந்தையும் மிரளும்.

6. பொடிக் கட்டச் சேலையா? ஜாக்கிரதை! மிக நெருக்கமான கட்டமோ, மெல்லிய கோடோ உள்ள துணியை எடுத்தால், துணியில் இல்லாத அலை அலையான கோடுகள் படத்தில் தெரியும். "சேலை பாழாயிற்றோ!" என்று பயப்பட வேண்டாம். துணியில் இருக்கும் கட்டமும், காமிராவுக்குள்ளே இருக்கும் நுண்ணிய கட்டமும் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் வினை அது. இரண்டு கொசுவலைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள், அதே அலை தெரியும். ஓர் அடி முன்னேயோ பின்னேயோ நகர்ந்து, சற்றுச் சாய்த்து எடுத்தால் சரியாகிவிடும்.

ஒன்று மட்டும் மாறட்டும்!

டிசைன் எத்தனை அழகாக இருந்தாலும், எல்லாம் ஒன்றுபோல இருந்தால் கண் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "சரி" என்று போய்விடும். சமையலில் பெருங்காயம் போல, ஒரே ஒரு மாற்றம் வேண்டும். பச்சை மிளகாய்க் குவியலில் ஒரே ஒரு பழுத்த மிளகாய். வரிசையான தம்ளர்களில் ஒன்று மட்டும் கவிழ்ந்திருப்பது. பெரிய செருப்புகளுக்கு நடுவே திருப்பிப் போட்ட குட்டிச் செருப்பு. கண் அங்கேதான் போய் உட்காரும். இரண்டு மூன்று மாற்றம் வைத்தீர்களோ, எதைப் பார்ப்பது என்று கண் திண்டாடும். ஒன்றே போதும்.

அந்த ஒன்று ஓர் உயிராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிரெஞ்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் 1932-இல் ஈயேர் என்ற ஊரில் எடுத்த படம் உலகப் பிரசித்தம். மேலிருந்து பார்க்கிறோம். கீழே சுழன்று இறங்கும் படிக்கட்டு, அதன் இரும்புக் கைப்பிடியின் வளைவு. அதற்கப்பால் தெருவில் ஒரு சைக்கிள்காரர் சர்ரென்று போகிறார். படிக்கட்டின் சுழலும், சைக்கிளின் ஓட்டமும் ஒரே வீச்சில் சேர்ந்துவிட்டன! சைக்கிள்காரர் இல்லாவிட்டால் அது வெறும் படிக்கட்டுதான்.

நமக்கும் இதே யுக்தி உதவும். குழந்தையின் பின்னால் போனைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் ஜன்னல் கம்பி நிழல் விழுந்த தரையைப் பார்த்துச் சட்டத்தைச் சரிசெய்து கொள்ளுங்கள். திரையில் அந்த இடத்தை விரலால் சற்று அழுத்திப் பிடித்தால், பல போன்களில் தெளிவும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிறகு அசையாமல் காத்திருங்கள். தவழ்ந்து வரும் குழந்தை அந்தக் கோடுகளுக்குள் நுழையும்போது எடுத்துவிடுங்கள். புள்ளியை முதலில் வை, கோட்டை அப்புறம் இழு! நம் கோல சாஸ்திரம்தான்.

அடுப்படியில் பிறந்த அழகுகள்

"இதெல்லாம் பொழுதுபோக்கு. பெரிய கலைஞர்கள் தட்டையும் கிண்ணத்தையுமா எடுப்பார்கள்?" என்று சந்தேகமா? அப்படி எடுத்துத்தான் பெயர் வாங்கினார்கள்!

அமெரிக்கரான பால் ஸ்ட்ராண்ட் 1916-இல் ஒரு கோடைக்கால வீட்டில் தங்கியிருந்தபோது, சாதாரணக் கிண்ணங்களையும், தாழ்வார அழிகளின் நிழலையும் படம் பிடித்தார். புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் அவற்றைச் சொல்லாமல் விடுவதில்லை. ஹங்கேரியில் பிறந்த ஆந்த்ரே கெர்டேஸ் 1928-இல் பாரிஸில் எடுத்த படத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்த ஒரு முள்கரண்டி, அதன் நிழல், அவ்வளவுதான்! முள்ளும் முள்ளின் நிழலும் சேர்ந்து போடும் தாளம் இருக்கிறதே, அது அலுப்பதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தவர் இமோஜன் கன்னிங்ஹாம் (1883-1976) என்ற அமெரிக்கப் பெண்மணி. ஸ்டூடியோ வைத்துத் தொழில் நடத்தியவர். கல்யாணமாகி மூன்று ஆண் குழந்தைகள், அதில் இரண்டு இரட்டை! குழந்தைகளை விட்டுவிட்டு வெளியே அலைய முடியாத அந்த வருஷங்களில், அவர் காமிராவை மூட்டை கட்டி வைக்கவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே, வீட்டுத் தோட்டத்துச் செடிகளை எடுக்க ஆரம்பித்தார். 1925-ஐ ஒட்டி எடுத்த மக்னோலியாப் பூவின் படம் அவர் பெயரை நிலைநிறுத்திவிட்டது. இதழ்களின் வளைவும், நடுவே அடுக்கடுக்காக நிற்கும் மகரந்தத் தாள்களும்தான் அந்தப் படம் முழுக்க. தொண்ணூறு வயசைத் தாண்டியும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்!

"தினமும் அதே, தினமும் அதே!"

எங்கள் எதிர் வீட்டில் ஒரு பெண். ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி. ஒரு நாள் அலுத்துக்கொண்டாள். "நான் வெளியிலே போயே ரெண்டு மாசமாச்சு அக்கா. போட்டோ எடுக்க வீட்டிலே என்ன இருக்கு? தினமும் அதே இட்லி, அதே துணி, அதே பாத்திரம்..."

"அந்த 'அதே'தாம்மா டிசைன்!" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நாலு நாள் கழித்து ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மாடிக் கொடியில் வரிசையாகக் குழந்தையின் வெள்ளைத் துணிகள். எண்ணிப் பார்த்தேன், 14. நடுவே ஒரே ஒரு மஞ்சள் சட்டை. காலை வெயிலில் 14 நிழலும் தரையில் விழுந்து, அச்சு அசல் மாற்றுத் தாளம்! "நன்னா இருக்கும்மா" என்றேன். "அது கிடக்கட்டும் அக்கா. இவர் இதைப் பார்த்துட்டு, 'ஒரு நாளைக்கு இத்தனையா துவைக்கிறே?'ன்னு கேட்டார். அடுத்த நாள் காலையிலே அவரே பாதித் துணியை உலர்த்தினார்!" என்றாள்.

தினமும் அவர் அந்தக் கொடியைத் தாண்டித்தான் போய்வருகிறார். ஒரு சட்டத்துக்குள் வந்தபிறகுதான் கண்ணில் பட்டிருக்கிறது. நம் வேலையின் குணமே அப்படி. தேய்த்த பாத்திரம் மறுபடி அழுக்காகும். போட்ட கோலம் மத்தியானத்துக்குள் காலில் மிதிபட்டு அழியும். செய்தது செய்த இடத்திலேயே மறைந்துவிடும்.

எங்கள் வீட்டில் என் அம்மாவின் படங்கள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் பட்டுப்புடைவை கட்டி, விறைப்பாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வாழ்நாள் முழுக்க விடியற்காலையில் வாசலில் குனிந்து அவள் இழுத்த கோலங்களில் ஒன்றுக்குக்கூடப் படம் இல்லை. அவள் புள்ளியைப் பிடிக்கும் விரலின் வளைவை நான் மனசில்தான் வைத்திருக்கிறேன். என் பேத்திக்குக் காட்ட முடியாது. கல்யாணத்தையும் பிறந்தநாளையும் எடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். தினசரியை எடுக்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்?

சில எச்சரிக்கைகள்

கொதிக்கும் எண்ணெய்க்கும் இட்லிப் பானை ஆவிக்கும் மேலே போனை நீட்டாதீர்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி வைத்தபிறகு எடுங்கள். மாடிச் சுவரில் ஏறியோ, ஸ்டூல் மேல் குழந்தையோடு நின்றோ எடுக்கவே கூடாது. குழந்தை குளிக்கும் படம், சட்டையில்லாத படம் இவற்றைப் பிறருக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பியபின் அது யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. குழந்தையின் வளர்ச்சியை உறவுக்காரர்களுக்குக் காட்ட, காய்கிற குட்டிச் சட்டைகளின் வரிசையே அழகான படம்தானே!

ஒரு வாரப் பயிற்சி

தினமும் பத்து நிமிஷம் போதும். குழந்தை தூங்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

திங்கள்: வாசல் கோலம், நேர் மேலிருந்து.
செவ்வாய்: இட்லித் தட்டு அல்லது தோசைக்கல்லின் பக்கத்தில் அடுக்கிய தோசைகள், சட்டம் நிறைய.
புதன்: அடுக்குப் பாத்திரங்கள், தாழ உட்கார்ந்து பக்கவாட்டில்.
வியாழன்: ஜன்னல் கம்பி நிழல், காலை வெயிலில்.
வெள்ளி: பூச்சரம், மிகக் கிட்டத்தில்.
சனி: காய்கறிக் கூடையில் "ஒன்று மட்டும் மாறட்டும்".
ஞாயிறு: நிழலோ வரிசையோ பார்த்துச் சட்டம் பிடித்து, வீட்டு மனுஷர் ஒருவர் உள்ளே வரும்வரை காத்திருந்து ஒரு படம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லாவற்றையும் பார்த்து, மனசுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள். எது பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று கேட்டுக்கொள்வதுதான் பயிற்சி. வைத்துக்கொண்டவற்றில் மாதம் ஒன்றைத் தேர்ந்து, 4 அங்குலத்துக்கு 6 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் தேதியும் இடமும் எழுதி வையுங்கள். போன் தொலையும், உடையும். பெட்டியில் வைத்த பிரிண்ட் இருக்கும். வருஷத்துக்கு 12 படம் சேர்ந்தால் ஒரு சின்ன ஆல்பமே ஆயிற்று.

இன்னொன்றும் செய்யுங்கள். அந்த 12-இல் ஒன்றிலாவது உங்கள் கை இருக்கட்டும். மாவில் தோய்ந்த கையோ, பூத்தொடுக்கும் கையோ, எதுவானாலும் சரி. போனை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, "இந்த இடத்தில் நின்று, இந்தக் கோட்டுக்குள் வைத்து எடு" என்று சொல்லுங்கள். இப்போதுதான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியுமே!